மெதுவாகச் சொல்ல ஓர் அறை

காது மிஷினைக் கழற்றிப் பாயில் எறிந்துவிட்டு மாணிக்கவேல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார் என்பதோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். எடுத்து மாடத்தில் வைத்த மிஷின் அதன் பிறகு அங்கேயே கிடந்தது. அதற்குள் ஆடி போய் ஆவணி பிறந்துவிட்டது. அவர் மகள் அபிதகுசாம்பாளை அழைத்துப் போக அவள் புருஷன் வீட்டார் இன்று சாயங்காலம் சந்தவாசலிலிருந்து வருகிறார்கள்.

கல்யாணமான முதல் ஆடிக்குப் பிறந்த வீடு வரும் பெண்ணை ஆவணியில் வந்து அழைத்துப் போவது எல்லா வீட்டிலும் நடக்கிற காரியம். அதனால்தான் இந்த ஒரு மாதமாக அபிதாவை யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பெண் இளைத்திருக்கிறாளே என்று மட்டும் தெருவில் சொன்னார்கள். பிறகு அதையும் விட்டுவிட்டார்கள்.

அவள் திரும்பிப் போகக் கூடாது. ஏன் என்பது அவளுக்கும் அவள் அண்ணி கமலத்துக்கும் மட்டுமே தெரியும். சந்தவாசல் வீட்டில் மாமனார், மாமியார் இல்லை. அவள் புருஷன் சக்கரவர்த்தியின் அண்ணன் தனக்கோடிதான் அங்கே எல்லாம். தம்பி பட்டுச் சேலைகளை மூட்டை கட்டிக்கொண்டு விற்க வெளியூர் போகிற ராத்திரிகளில் அந்தத் தனக்கோடி தம்பி பெண்டாட்டியின் அறைக் கதவைத் தட்டினான். எழுதவே நமக்குக் கை கூசுகிறது. பட்டவள் எப்படி வாய் திறப்பாள்?

திறந்துதான் ஆக வேண்டும். அதுவும் இன்றைக்குள், அப்பாவிடம்.

அண்ணன் சிவப்பிரகாசத்திடம் சொல்லலாமே என்று உங்களுக்குத் தோன்றும். அவன் தறியில் ஏறியிருப்பது தனக்கோடி கூலிக்கு நெய்யக் கொடுத்த பாவு நூல். தனக்கோடி என்றால் அவனுக்குத் தெய்வம் மாதிரி. முதலில் நம்ப மாட்டான். நம்பிவிட்டாலோ கத்தியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவான். எது நடந்தாலும் சந்தி சிரித்துவிடும். பெண்ணைக் கொடுத்தவர் மாணிக்கவேல். அனுப்பு என்பதும் அனுப்பாதே என்பதும் அவர் வாயிலிருந்து வர வேண்டியவை.

ஆனால் மாணிக்கவேலுக்குக் காது கேட்காது. ரைஸ் மில்லில் என்ஜின் ஓட்டியே காதைத் தொலைத்த மனிதர். அவரிடம் எதைச் சொல்வதானாலும் கத்த வேண்டும். சாப்பிட்டாயா நைனா என்று அபிதா கேட்டால், ஆச்சு ஆச்சு என்று எதிர் வீட்டுக் காத்தாயி பதில் சொல்வாள். இப்படிப்பட்ட தெருவில் அந்த விஷயத்தை எப்படிக் கத்துவது? எழுதிக் காட்டலாம் என்றால் அவருக்கு எழுத்துக் கூட்டவும் வராது.

மில்லில் படிந்த பழக்கம் ஒன்றும் அவரிடம் இருந்தது. யார் என்ன சொன்னாலும் தலையை ஆட்டிவிடுவார். என்ஜின் இரைச்சலில் முதலாளி சொன்னது கேட்காவிட்டாலும் ஆட்டியாக வேண்டுமே. கேட்கவில்லை என்று சொல்ல வெட்கம். ஆடிக்கு அபிதாவைக் கொண்டுவந்து விட்ட தனக்கோடி, ஆவணி பிறந்ததும் நானே வந்து அழைத்துப் போகிறேன் என்றபோதும் ஆட்டினார். அதில் ஒரு சொல்கூட அவர் காதில் விழுந்திருக்காது. ஆனால் ஆட்டியது ஆட்டியதுதான், கொடுத்த வாக்குதான்.

அதற்காகத்தான் அபிதா அண்ணனை நச்சரித்து வேலூரில் அந்த மிஷினை வாங்க வைத்தாள். டாக்டர் அறையில் மாணிக்கவேலுக்கு எல்லாம் கேட்டது. டாக்டர் முணுமுணுத்ததற்கெல்லாம் டக் டக்கென்று பதில் சொன்னார். ஆரணிக்குத் திரும்பி வீட்டுக்கு வரும் வழியில் பட்டுக் கடையில் நுழைந்தபோது, அந்தக் கோடியிலிருந்த குமாஸ்தா வெற்றிலை கேட்டது இவர் காதில் விழுந்தது, சிரித்தார். அபிதாவுக்கு அன்று கால் தரையில் பாவவில்லை.

வீட்டுக்கு வந்ததும் எல்லாம் போயிற்று. கீழே மூன்று பக்கமும் தறிச் சத்தம், அது மிஷினில் பெருத்துக் கேட்டது. ஆற்றங்கரைக்குக் கூட்டிப் போனாள், காற்று பட்டு மிஷின் ஓவென்று ஊளையிட்டது. மாடியறையிலாவது கேட்கும் என்று நம்பினாள். "பானைக்குள்ள தலைய வுட்டுகினு பேசற மாதிரி கீது. எவனோ நம்மள ஏமாத்திட்டான்" என்று சொல்லித்தான் அவர் கழற்றி எறிந்தார்.

இனி இன்றைய காலைக்கு வருவோம்.

வீடு கல்யாண வீடாக இருந்தது. கமலம் கேசரிக்கு ரவை வறுத்துக்கொண்டிருந்தாள். சிவப்பிரகாசம் தறியை நிறுத்திவிட்டுப் பழமும் பூவும் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தான். விருந்தாளிகள் உட்காருவதற்கு மாடியறையைப் பெருக்கி வைக்கும்படி அபிதாவுக்கு உத்தரவு. தன்னைப் பிடித்துப் போக வருகிறவனுக்குத் தானே இடம் பெருக்க வேண்டியிருக்கிறதே என்று நினைத்துக்கொண்டே அவள் துடைப்பத்தை எடுத்தாள்.

அந்த அறை போன தையில்தான் கட்டியது. காங்கிரீட் கூரை, வழவழவென்று பூசிய சுவர்கள், பாலிஷ் போட்ட சிவப்புச் சிமெண்டுத் தரை. சாமான் என்று சொல்ல ஒரு தகரப் பெட்டியும் ஒரு பித்தளை அண்டாவும்தான். அண்டாவை நகர்த்தும்போது மூடி நழுவித் தரையில் விழுந்தது. அவள் குனிந்து எடுத்த பிறகும் அறை அந்தச் சத்தத்தை விடாமல் வைத்துக்கொண்டிருந்தது.

அபிதா நிமிர்ந்தாள். ஒருமுறை கையைத் தட்டினாள். தட்டல் சுவரில் பட்டு, எதிர்ச் சுவரில் பட்டு, டணங்கென்று அவளிடமே திரும்பியது. 'நைனா' என்று மெல்லக் கூப்பிட்டுப் பார்த்தாள். அந்தச் சொல் போய் முட்டித் திரும்புவதற்குள் அடுத்த சொல் கிளம்பிவிடுகிறது, இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன. நல்ல காதுக்கு அதைப் பிரித்துக்கொள்ளத் தெரியும். மிஷினுக்குத் தெரியுமா?

வேலூர் டாக்டரின் அறையில் கனமான திரைகள் தொங்கின, தரையில் ஜமுக்காளம் இருந்தது. பட்டுக் கடையில் தரை முழுக்க மெத்தை, சுவர் முழுக்கச் சேலை. அங்கேயெல்லாம் கை தட்டினால் சத்தம் தட்டிய இடத்திலேயே செத்துப்போகும்.

அவள் துடைப்பத்தைப் போட்டுவிட்டுக் கீழே ஓடினாள்.

"அண்ணி, மிஷின்ல கோளாறு இல்ல. ரூம்லதான் கோளாறு."

கமலம் கரண்டியை நிறுத்தினாள். அவளுக்கு உடனே விளங்கவில்லை. அபிதா அவள் கையைப் பிடித்து மாடிக்கு இழுத்துப் போய்க் கை தட்டிக் காட்டினாள்.

"சரிம்மா. ரூமுக்கு இன்னா வைத்தியம் பண்றது?"

"மெத்து மெத்துனு எதுனா வச்சி ரொப்பணும். வூட்ல இருக்கற பாய், தலைகாணி எல்லாத்தயும் குடு."

முதலில் தரை முழுக்கப் பாய் விரித்தார்கள். கை தட்டினாள். துளி குறைந்ததே தவிர டணங் போகவில்லை. பாய் மெல்லியது, தரை கெட்டி. கமலத்தின் முகம் வாடியது. அபிதா அண்டாவையும் தகரப் பெட்டியையும் வெளியே தள்ளினாள். இவை இரண்டும் தட்டுகிற கைக்கு ஒத்து ஊதிக்கொண்டிருந்தன. மறுபடி தட்டினாள். ஊதல் நின்றது, சுவர்கள் மட்டும் பாக்கி.

சுவருக்குக் கனமாக ஏதாவது வேண்டும். ஆரணியில் கனமாகவும் மெத்தென்றும் இருந்து யாரும் காவல் போடாத பொருள் ஒன்றே ஒன்று. மில்லுக்குப் பின்னால் மலையாகக் கிடக்கும் உமி.

மாணிக்கவேல் பெயரைச் சொன்னதும் மில்லில் ஒருவரும் தடுக்கவில்லை. அண்ணியும் நாத்தனாருமாகப் பழைய கோணிகளில் உமியை அடைத்துத் தைத்துக் கைவண்டியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். வழியில் காத்தாயி என்ன என்று கேட்டதற்கு, உமி அடுப்புக்கு என்று கமலம் சொல்லிவிட்டாள். விருந்து நாளில் உமி அடுப்பா என்று காத்தாயி யோசிப்பதற்குள் இவர்கள் வீட்டுக்குள் நுழைந்துவிட்டார்கள்.

மூட்டைகளை நான்கு மூலைகளிலும் ஆளுயரத்துக்கு அடுக்கினார்கள். உமி உடம்பெல்லாம் அரித்தது. தூசி பறக்காமல் இருக்க மேலே பழைய லுங்கிகளைப் போர்த்தினார்கள். நீளச் சுவரில் ஆணியடித்துக் கனத்த கம்பளியைத் தொங்கவிட்டார்கள். சுவரை ஒட்டித் தொங்கியபோது அவ்வளவாகப் பலன் தெரியவில்லை. கயிறு கட்டி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளித் தொங்கவிட்டதும் தட்டல் சட்டென்று மழுங்கியது. அபிதாவுக்கு அது ஏன் என்று தெரியாது. நம்மைக் கேட்டாலும் தெரியாது. ஆனால் காது பொய் சொல்லவில்லை. எதிர்ச் சுவருக்குக் கோணிப்படுதா, ஜன்னலுக்குத் தலைகாணி, கூரைக்குக் கீழே தொய்வாகக் கட்டிய இரண்டு பழைய புடவைகள், தரையில் கமலத்தின் சீர் மெத்தை.

கடைசியாக ஒருமுறை கை தட்டினாள். சத்தம் அவள் உள்ளங்கையோடு நின்றுவிட்டது. அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். கமலம் அவள் தலையில் ஒட்டியிருந்த உமியைத் தட்டிவிட்டாள்.

அப்போது பார்த்து சிவப்பிரகாசம் வந்து சேர்ந்தான். வாழைத்தாரோடு மாடியேறியவன் வாசலிலேயே நின்றுவிட்டான். மாப்பிள்ளை வீட்டார் உட்கார வேண்டிய அறை மில் கிடங்கு மாதிரி இருந்தால் அவனுக்குக் கோபம் வராதா? தனக்கோடி அண்ணன் வந்து பார்த்தால் என்ன நினைப்பார், இவர்களுக்குப் புத்தி கெட்டுப்போயிற்றா என்று குதித்தான்.

"நைனாவுக்குக் காது கேக்கணும்னு பண்ணுது. பொறந்த வூட்ட வுட்டுப் போறதுக்கு முன்ன அவருகிட்ட ரெண்டு வார்த்த பேசணும்னு அதுக்கு ஆசை இருக்காதா?" என்றாள் கமலம்.

சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. சிவப்பிரகாசத்துக்குத் தங்கை மேல் பாசம் உண்டு, நாம் அவனைக் குறைசொல்லக் கூடாது. வாழைத்தாரைக் கீழே வைத்துவிட்டு, அப்பாவைக் கைத்தாங்கலாக மாடிக்கு அழைத்து வந்ததும் அவன்தான். பிறகு கமலம் அவனைக் கீழே கூட்டிப் போய்விட்டாள்.

அபிதா கதவைச் சாத்தினாள்.

மாணிக்கவேல் மெத்தையில் உட்கார்ந்து அந்த விசித்திரத்தைச் சுற்றிப் பார்த்தார். மிஷினைக் கண்டதும் வேண்டாம் என்று கையை ஆட்டினார். அபிதா விடவில்லை. மிஷின் பெட்டியை அவர் சட்டைப் பையில் வைத்து, ஒயரைக் கழுத்தோடு சுற்றி, குமிழைக் காதில் பொருத்திச் சக்கரத்தை மெல்லத் திருப்பினாள்.

"இந்த எழவு வேணாம்னு சொன்னனே" என்று அவர் வழக்கம்போல் கத்தினார். கத்தியவர் திடுக்கிட்டு நிறுத்திக்கொண்டார். அவர் குரல் அவருக்கே கேட்டுவிட்டது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு, இரைச்சல் இல்லாமல், தன் குரலாகவே கேட்டது. இத்தனை சத்தமாகவா நான் பேசுகிறேன் என்பதுபோல் மகளைப் பார்த்தார். அடுத்த வார்த்தை அவர் வாயிலிருந்து மெதுவாக வந்தது.

"பேசும்மா."

அபிதாவுக்கு இதுவரை இருந்த தைரியமெல்லாம் வடிந்துவிட்டது. ஒரு மாதமாகக் கத்த முடியவில்லையே என்று தவித்தவள், மெதுவாகச் சொல்ல இடம் கிடைத்ததும் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருந்தாள். அவர் அவசரப்படவில்லை. காதில் இருந்த குமிழை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

"நைனா, அந்த வூட்டுக்கு என்ன அனுப்பாத."

அவர் தலை ஆடவில்லை.

"அவரு ஊருக்குப் போற ராத்திரில பெரிய மாமா வந்து ரூம் கதவ தட்டறாரு. ஒருநாள் இல்ல, பல நாளு. ஒருநாள் பகல்ல பாத்தா உள் தாழ்ப்பாள கழட்டி வச்சிருந்தாங்க. அன்னிக்கு ராத்திரி பூரா அருவாமணைய மடில வச்சிகினு கதவுல சாஞ்சி உக்காந்திருந்தேன். வெளில பெரிய மாமா நின்னுகினு இருந்தது எனக்குத் தெரியும்."

அதற்கு மேல் அவளால் முடியவில்லை. மாணிக்கவேல் அசையாமல் இருந்தார். அவருக்குக் கேட்டதா இல்லையா என்று அவளுக்குப் பயம் வந்தது. சக்கரத்தைத் திருப்பக் கையை நீட்டினாள். அந்தக் கையை அவர் பிடித்துக்கொண்டார்.

"இத்தினி நாளா ஏம்மா சொல்லல?"

"எப்டி நைனா கத்தி சொல்றது?"

மாணிக்கவேல் மூலையில் இருந்த உமி மூட்டைகளைப் பார்த்தார், கம்பளியைப் பார்த்தார், கூரையில் தொங்கிய புடவைகளைப் பார்த்தார். இதெல்லாம் எதற்கு என்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது. முகத்தை மேல்துண்டால் மூடிக்கொண்டார். மில்லில் கை நசுங்கியபோதுகூட அழாத மனிதர் என்று தெருவே சொல்லும். அவர் அழுவதை மகள் அன்றுதான் பார்த்தாள்.

பிறகு துண்டை எடுத்தார்.

"மாப்ளைக்குத் தெரியுமா?"

அபிதா தலையைக் குனிந்துகொண்டாள். ஒரே ஒருமுறை அவள் இருட்டில் சக்கரவர்த்தியிடம் சொல்லியிருக்கிறாள். காலையில் பேசிக்கொள்ளலாம் தூங்கு என்று சொல்லி அவன் திரும்பிப் படுத்தான். எத்தனையோ காலைகள் வந்தன, அவன் பேசவில்லை. அதை மட்டும் அவளால் அப்பாவிடம் சொல்ல முடியவில்லை. அவர் மறுபடி கேட்கவும் இல்லை.

சாயங்காலம் தனக்கோடியும் சக்கரவர்த்தியும் தட்டுகளோடு வந்து இறங்கினார்கள். சிவப்பிரகாசம் ஓடி ஓடி உபசரித்தான். தனக்கோடிக்குச் சிரித்த முகம். வெள்ளை வேட்டி, நெற்றியில் குங்குமம். கூடத்தில் உட்கார்ந்ததும் அபிதா நின்ற பக்கம் பார்க்கவே இல்லை, அவ்வளவு மரியாதை. மாணிக்கவேலைப் பார்த்துத் தெருவுக்கே கேட்கும்படி கத்தினான்.

"மாமா, பொண்ண அழைச்சிகினு போறோம். சந்தோஷம்தானே?"

எல்லோரும் அவர் தலை ஆடும் என்று பார்த்தார்கள். மாணிக்கவேல் எழுந்து நின்றார்.

"இங்க ஒண்ணும் காதுல வுழல தனக்கோடி. மேல வா. அங்கதான் எனக்குக் கேக்கும். நீ மட்டும் வா."

அவர் இவ்வளவு தாழ்ந்த குரலில் பேசி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. சிவப்பிரகாசம் வாயைப் பிளந்தான். தனக்கோடி சிரித்துக்கொண்டே அவர் பின்னால் ஏறினான். கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

அதன் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அபிதா மாடிப்படியின் அடியில் நின்று காதைத் தீட்டிக்கொண்டு கவனித்தாள். காலையில் அந்த அறையில் மூடி விழுந்தபோது வீடு முழுக்க அதிர்ந்தது. இப்போது இரண்டு ஆண்கள் உள்ளே பேசுவது படிக்கட்டுவரைகூட வரவில்லை. சிவப்பிரகாசம் மேலே போகக் கிளம்பினான். கமலம் அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். புருஷன் கையை நாலு பேர் எதிரில் பிடிக்கிறவள் இல்லை அவள். அவன் அவள் முகத்தைப் பார்த்தான், பிறகு தங்கையின் முகத்தைப் பார்த்தான், உட்கார்ந்துவிட்டான்.

கதவு திறந்தது. தனக்கோடி இறங்கி வந்தான். சிரிப்பு போயிருந்தது, நெற்றிக் குங்குமம் வியர்வையில் கரைந்து மூக்குவரை வழிந்திருந்தது. கூடத்தில் ஒருவரையும் பார்க்காமல், வாசலில் விட்ட செருப்பையும் மாட்டாமல், விடுவிடுவென்று பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தான்.

மாணிக்கவேல் மேல்படியில் வந்து நின்றார். சட்டைப் பையில் மிஷின் இருந்தது, குமிழ் காதில் இருந்தது.

சக்கரவர்த்திக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. போகிற அண்ணனைப் பார்த்தான், மாமனாரைப் பார்த்தான். படியில் பாதி ஏறி நின்று, கத்தாமல் சாதாரணமாகவே கேட்டான்.

"மாமா, நல்ல நேரம் போவுது. அபிதாவ அனுப்பறீங்களா?"

மாணிக்கவேல் தலையை அசைத்தார். வழக்கமாக மேலும் கீழும் போகிற தலை இடமும் வலமுமாகப் போயிற்று. இந்த வீட்டில் வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து கமலம் அப்படி ஒருமுறையும் பார்த்ததில்லை. அபிதா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒரு மாதமாக அடக்கி வைத்திருந்த மூச்சு வெளியே வந்தது.

"மாப்ள, நீ மேல வா. உன்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும்" என்றார் மாணிக்கவேல்.

சக்கரவர்த்தி திரும்பி மனைவியைப் பார்த்தான். என்ன கேட்கப்போகிறார் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. அபிதா இந்தத் தடவை தலையைக் குனியவில்லை. அவன்தான் குனிந்துகொண்டான். பிறகு ஒவ்வொரு படியாக ஏறி, உமி மூட்டைகள் அடுக்கிய அந்த அறைக்குள் போனான்.

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே அப்பா, காலையில் தன்னிடம் கேட்ட அந்தக் கேள்வியையே கேட்டிருப்பார் என்று அபிதா நினைத்தாள். பதில் எவ்வளவு மெதுவாக வந்தாலும் அவருக்குக் கேட்கும்.